வீட்டுக்குள் வந்த அலுவலகம்

காரவள்ளியில் மலைப் பேருந்துக்காகக் காத்திருப்போரின் பேச்சில் சென்னைக் கோட்டை அடிக்கடி வந்து போகும். பட்டா மாற்றம், ஓய்வூதியம், பள்ளிக்கு ஆசிரியர் என்று எதற்காவது மனு எழுதிக்கொண்டு அங்கே போய் வந்தவர் ஒருவராவது அந்தக் கூட்டத்தில் இருப்பார். எழுபது கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே வாழ்கிறவர்க்கும், அவற்றின் அடிவாரத்தில் வாழ்கிற நமக்கும் கோட்டை என்ற சொல் மதிலையோ அகழியையோ நினைவூட்டுவதில்லை. பத்து மாடிக் கட்டடம் ஒன்றையும், அதன் மின்தூக்கிக்கு முன்னால் நீளும் வரிசையையுமே நினைவூட்டுகிறது. அக்கட்டடத்துக்கு நாமக்கல் கவிஞர் மாளிகை என்று பெயர். அத்தனை தொலைவு போய் இறங்கிய இடத்தில் நம் ஊர்ப் பெயரே எழுதியிருப்பதைக் கண்டு, "நம்ம ஆள் பேருதான்!" என்று மகிழ்ந்து திரும்பியவர்களை நாம் அறிவோம்.

கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை 1888-இல் மோகனூரில் பிறந்தவர், 1972-இல் மறைந்தவர். கவிஞர் என்று பெயர் பெறுவதற்கு முன்பே ஓவியராகப் பெயர் பெற்றவர். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக்கி, அங்கே நூலகமும் நடத்தி வருகிறது. அந்தச் சிறு வீட்டில் செய்தித்தாள் விரித்துப் படித்துக்கொண்டிருக்கும் மனிதரையும், கோட்டையில் பத்து மாடியின் நிழலில் மனுவுடன் நிற்கும் மனிதரையும் ஒருசேர எண்ணிப் பார்த்தபோதுதான் இக்கட்டுரைக்கான எண்ணம் நமக்கு எழுந்தது. முன்னதில் ஒரு வீட்டுக்குள் பொதுப்பணி நுழைந்திருக்கிறது. பின்னதில் பொதுப்பணி பெருகிப் பெருகி, தான் முதலில் குடியிருந்த வீட்டையே சிறிதாக்கிவிட்டது.

அந்த முதல் வீடு இன்றும் இருக்கிறது. சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்கும் பழைய கட்டடத்தின் நடுப்பகுதி 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி ஆளுநருக்காக எழுப்பப்பட்ட கோட்டை வீடு. 1825-இல் அதன் இருபுறமும் சிறகுகளைப்போல் கட்டடங்கள் சேர்க்கப்பட்டன. அதன் கறுப்புக் கல் தூண்களுக்கு ஒரு தனிக் கதையே உண்டு. 1746-இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டு போனார்கள். 1761-இல் புதுச்சேரி வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் அவற்றைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். போரில் வென்றவன் பொன்னைத் தூக்கிச் செல்வதைப் படித்திருக்கிறோம். தூணைத் தூக்கிச் சென்றதை வேறெங்கும் நாம் படித்ததில்லை. ஒரு வீடு வீடாக மதிக்கப்பட்ட காலம் அது போலும்.

இங்கிலாந்தை நான்கு ஜார்ஜ் மன்னர்கள் அடுத்தடுத்து ஆண்ட 1714 முதல் 1830 வரையிலான காலத்துக் கட்டட முறையை ஜார்ஜிய பாணி என்பார்கள். அளவெடுத்து வைத்தாற்போன்ற சன்னல் வரிசை, நடுவில் வாசல், இருபுறமும் சமன், மிகையற்ற முகப்பு என்பவை அதன் இலக்கணம். இலண்டனிலும் டப்ளினிலும் அது செங்கல் முகத்தோடு தெருவை ஒட்டி நின்றது. சென்னைக்கு வந்ததும் வெயில் அதற்குப் பாடம் கற்பித்தது. தாழ்வாரம் சேர்ந்தது, கூரை உயர்ந்தது, சன்னல்களுக்குச் சாய்சட்டக் கதவுகள் வந்தன, செங்கல்லின் மேல் சலவைக்கல்லைப்போல் மின்னும் சுண்ணாம்பு மெருகு ஏறியது. கொத்தனும் தச்சனும் நம்மவர்கள். ஆதலால் இதை அயலார் சொத்து என்று தள்ளிவிடுவதில் நமக்கு உடன்பாடில்லை.

இத்தகைய வீடுகளை அலுவலகமாக்கலாமா என்று கேட்போருக்கு நம் விடை, ஆக்கத்தான் வேண்டும் என்பதே. ஆளில்லாத வீடு கறையானுக்கும் அரசங்கன்றுக்கும் உரியது. கோட்டைக்குள்ளேயே இதற்குச் சான்று உண்டு. ஆர்மீனிய வணிகர் ஒருவருக்கு உரியதாயிருந்து, 1753-இல் மணமான புதிதில் இராபர்ட் கிளைவ் குடியிருந்த மாளிகையில் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகம் நெடுங்காலமாக இயங்கி வருகிறது, மாளிகை நிற்கிறது. பின்னாளில் வெலிங்டன் பிரபு ஆன ஆர்தர் வெல்லெஸ்லி தங்கிய வீடு கவனிப்பாரற்று இருந்து, 1980-இல் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. இரண்டும் ஒரே மதிலுக்குள் இருப்பவை. ஒரே கடற்காற்றை வாங்குபவை. ஒன்றில் காலையில் சன்னலைத் திறந்து மாலையில் சாத்த ஓர் ஊழியர் இருந்தார். மற்றதில் இல்லை.

இனி அந்தப் பத்து மாடியைப் பற்றி. 1970-களில் எழுந்த அக்கட்டடம் கோட்டை வீட்டின் சுவர் ஒன்றையும் தொடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பழையதைப்போல் வேடமும் அது போடவில்லை. பெருகிவிட்ட துறைகளுக்கு இடம் வேண்டியிருந்தது, இடம் கிடைத்தது. ஆயினும் கடலிலிருந்து பார்த்தாலும் சாலையிலிருந்து பார்த்தாலும் தாழ்ந்து பரந்த கோட்டைக்கு மேல் அது ஒரு பெட்டியைப்போல் எழுந்து நிற்கிறது. மதில் எதைக் காக்கிறது என்பதே பார்ப்பவர்க்கு விளங்காமல் போய்விட்டது. 2024 அக்டோபரில் முதல் மாடியில் தரை ஓடுகள் ஓசையுடன் பிளக்க, ஊழியர்கள் கட்டடமே இடிகிறது என்று அஞ்சி வெளியே ஓடினார்கள். ஓடுகளில்தான் விரிசல், கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொதுப்பணித் துறை அமைச்சர் பிறகு விளக்கினார். அருகே முந்நூறு ஆண்டு கண்ட வீடு இருக்க, ஐம்பது ஆண்டுக் கட்டடத்தில் மக்கள் உயிருக்கு அஞ்சி ஓடியதை நாம் நகைப்புக்காகச் சொல்லவில்லை. புதியது வலுவானது, பழையது வலுவற்றது என்று ஆராயாமலே நாம் கொண்டிருக்கும் நம்பிக்கையைச் சற்று அசைத்துப் பார்க்கவே சொல்கிறோம்.

அந்த நம்பிக்கைதான் அண்ணா சாலையருகே, அரசினர் தோட்டத்தில், ஒரு பெரும் வீட்டைப் பலிவாங்கியது. இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும்; கத்தோலிக்க வாசகர்க்கு அவ்வீடு அயல் வீடன்று.

1746 முதல் 1749 வரை சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. நகரம் மீண்டதும் ஆங்கிலேயரின் ஐயம் கத்தோலிக்கர் மேல் விழுந்தது. வெள்ளையர் நகரில் இருந்த கப்புச்சின் துறவியரின் புனித அந்திரேயா ஆலயம் பறிக்கப்பட்டு இடிக்கப்பட்டது. ஆர்மீனியக் கத்தோலிக்க வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் வேப்பேரியில் எழுப்பிய சிற்றாலயம் 1752-இல் சீர்திருத்த சபையின் மறைப்பணியாளர் கைக்குப் போனது. பரங்கிமலைக்குப் படிக்கட்டு அமைத்தவரும், சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டியவரும் இந்த உஸ்கான்தான். அதே காலத்தில், 1753-இல், மெதெய்ரோஸ் என்னும் போர்ச்சுக்கீசியக் கத்தோலிக்க வணிகக் குடும்பத்தின் தோட்ட வீட்டைக் கம்பெனி விலைக்கு வாங்கியது. மதராஸ் என்னும் பெயரே இக்குடும்பத்திலிருந்து வந்தது என்பாரும் உளர். அதற்கு உறுதியான சான்று இல்லை. பெயர் வந்ததோ இல்லையோ, ஆளுநர் மாளிகை அங்கிருந்துதான் வந்தது.

வாங்கிய வீட்டைக் கம்பெனி இடித்துவிடவில்லை. 1758-இல் தொடங்கிய லாலியின் முற்றுகையில் அது சேதமுற்றது, செப்பனிட்டார்கள். 1800-ஐ ஒட்டி, கிளைவின் மகனான எட்வர்ட் கிளைவ் ஆளுநராக இருந்தபோது வீடு விரிவாக்கப்பட்டது. அப்பணியைச் செய்தவர் ஜான் கோல்டிங்ஹாம். அவர் அடிப்படையில் வானியலார்; சென்னை வானாய்வுக்கூடத்தைக் கவனித்து வந்தவர். விண்மீனை அளந்தவர் வீட்டை அளக்க வந்தார். பெரிய விருந்துகளுக்கு இடம் போதவில்லை என்றபோது, பழைய வீட்டின் தலைமேல் மாடி ஏற்றாமலும் வயிற்றைக் கிழித்துக் கூடம் ஆக்காமலும், சற்றுத் தள்ளித் தனியே ஒரு விருந்து மண்டபம் எழுப்பினார். 1802-இல் திறக்கப்பட்ட அம்மண்டபம்தான் இன்றைய இராஜாஜி மண்டபம். கிரேக்கக் கோயிலைப்போல் உயர்ந்த படிகளும் தூண்களும் கொண்ட அதற்கும், தாழ்வாரங்களோடு படர்ந்து கிடந்த வீட்டுக்கும் தோற்றத்தில் ஒற்றுமை இல்லை. ஆயினும் ஒன்றை ஒன்று மறைக்கவில்லை. விரிவாக்கம் என்பதற்கு நம் மண்ணில் நாம் கண்ட நல்ல பாடங்களில் இது ஒன்று.

விடுதலைக்குப் பின் ஆளுநரின் இருப்பிடம் கிண்டியானது. தோட்டத்து மாளிகைக்கு நிலையான பணி எதுவும் கிட்டவில்லை. பிறகு 2008-இல் புதிய சட்டமன்ற, தலைமைச் செயலக வளாகத்துக்கு அங்கே அடிக்கல் நாட்டப்பட்டது; அத்திட்டத்துக்காகப் பழைய மாளிகை இடிக்கப்பட்டது. வரைபடம் ஜெர்மனியின் புகழ்பெற்ற நிறுவனம் ஒன்றுடையது. 2010 மார்ச் 13 அன்று திறப்பு விழாவுக்குப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தபோது கோபுரம் முடிந்திருக்கவில்லை. திரைப்படக் கலை இயக்குநர் ஒருவரைக் கொண்டு தற்காலிகக் கோபுரம் ஒன்று அமைத்து மேலே நிறுத்தினார்கள். மறு ஆண்டு ஆட்சி மாறியது. சட்டமன்றம் கோட்டைக்கே திரும்பியது. புதுக் கட்டடம் 2014-இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று.

அங்கே உயிர் பிழைத்தோர் பலர் என்பதால் மருத்துவமனையைக் குறை கூற நமக்கு மனம் வராது. அரசியல் சண்டையிலும் நாம் புகவில்லை. கட்டடக் கலையின் பக்கம் நின்று மட்டும் கேட்கிறோம். அலுவலகத்துக்காக ஒரு வீட்டை இடித்தார்கள். இடித்த இடத்தில் அலுவலகம் ஈராண்டுகூட நிலைக்கவில்லை. அலுவலகத்தின் தேவை எத்தனை விரைவில் மாறுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? 250 ஆண்டு நின்ற வீட்டை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாறும் ஒன்றுக்கு இணையாக வைத்து எடைபோட்ட தராசு எந்தக் கடையில் வாங்கியதோ! இராஜாஜி மண்டபம் மட்டும் எஞ்சியது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்களுக்கு மக்கள் இறுதி வணக்கம் செலுத்தியது அதன் படிகளில்தான். விருந்துக்குக் கட்டிய மண்டபம் துக்கத்துக்குப் பயன்பட்டது. நல்ல கட்டடம் எதற்கும் இடம் கொடுக்கும்.

அங்கிருந்து கடற்கரைப் பக்கம் நடந்தால் சேப்பாக்கம். இங்கே கதை வேறு விதம். நம்மை அதிகம் சிந்திக்க வைத்ததும் இதுதான்.

ஆர்க்காட்டு நவாபு முகமது அலி வாலாஜாவுக்காக 1768-இல் எழுந்த அரண்மனை இது. மூன்றாம் ஜார்ஜ் ஆண்ட காலத்து வீடுதான் என்றாலும் முகம் ஜார்ஜிய முகமன்று. வளைவுகளும் கோபுரங்களும் இசுலாமிய மரபைத் தழுவியவை. கட்டியவர் என்று சொல்லப்படும் பால் பென்ஃபீல்டு கம்பெனியின் பொறியாளர். நவாபுக்கு வட்டிக்குக் கடன் கொடுத்துக் கொழுத்தவர். கடன்காரனே கட்டிக் கொடுத்த வீடு! 1855-இல் கடைசி நவாபு வாரிசின்றி இறந்தார், சில ஆண்டுகளில் அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசே எடுத்துக்கொண்டது. அந்தப்புரமும் கொலுமண்டபமும் வருவாய்த் துறைக் கோப்புகளுக்கு இடமாயின.

இடம் போதவில்லை. கூடுதலாகக் கட்ட வந்தவர் இராபர்ட் சிஸ்ஹோம். கலச மகாலுக்கும் உமாயூன் மகாலுக்கும் நடுவே ஒரு கோபுரம் எழுப்பி இரண்டையும் இணைத்தார். வருவாய் வாரியத்துக்கெனப் புதிய பகுதிகளையும் சேர்த்தார். எது நவாபின் காலத்தது, எது சிஸ்ஹோம் சேர்த்தது என்று இன்று பார்ப்பவர்க்குச் சட்டென விளங்காது. பழைய வீட்டின் மொழியைக் கற்றுக்கொண்டு அதே மொழியில் அடுத்த வாக்கியத்தை எழுதினார் அவர்.

1964-இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்கள் பழங்கட்டடப் பாதுகாப்புக்கென ஒரு சாசனம் வகுத்தார்கள். பழையதைப் பொதுப்பயன்பாட்டுக்குக் கொடுப்பது நல்லது, ஆனால் அதன் அமைப்பை மாற்றலாகாது என்பது அதில் ஒரு விதி. புதிதாகச் சேர்ப்பது தன் காலத்தின் அடையாளத்தைத் தாங்கித் தனித்துத் தெரிய வேண்டும், பழையதைப்போல் நடித்து ஏமாற்றக் கூடாது என்பது இன்னொன்று. இவ்விதிப்படி பார்த்தால் சிஸ்ஹோம் குற்றவாளி. ஒளிவுமறைவின்றித் தன் காலத்தைக் காட்டும் இருபதாம் நூற்றாண்டின் எழிலகம் நேர்மையான சேர்க்கை. ஆனால் கடற்கரைச் சாலையில் நின்று பாருங்கள். எழிலகம் அரண்மனைக்கு முன்னால், அதற்கும் கடலுக்கும் இடையில் நிற்கிறது. நவாபின் வீட்டுக்குக் கடலும் போயிற்று. கடற்கரையில் உலவும் மக்களுக்கு வீடும் போயிற்று. அங்கு ஓர் அரண்மனை உண்டு என்பதே பல சென்னைவாசிகளுக்குத் தெரியாது. நேர்மையான கட்டடம் பண்பற்ற இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. நடித்த கட்டடமோ வீட்டுக்குத் துணையாய் நின்றது.

ஆதலால் சாசனத்தை மதித்தே நாம் மாறுபடுகிறோம். சேர்க்கை எந்த ஆடை அணிந்து வந்தது என்பதைக் காட்டிலும் எங்கே வந்து நின்றது என்பதே முதலில் பார்க்கத்தக்கது. கோல்டிங்ஹாம் வேறு ஆடையில் வந்து தள்ளி நின்றார். சிஸ்ஹோம் அதே ஆடையில் வந்து அருகில் நின்றார். இரண்டும் நன்று. முன்னால் வந்து மறைப்பதும் மேலே ஏறி அமர்வதும் எந்த ஆடையிலும் நன்றல்ல.

2012 சனவரி 16 அன்று, பொங்கல் விடுமுறைக் காலத்தில், கலச மகால் தீப்பற்றி எரிந்தது. அணைக்கச் சென்ற தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிர் நீத்தார். உடன் சென்றோர் காயமுற்றனர். கூரை வீழ்ந்தது, கோப்புகள் சாம்பலாயின. செங்கல்லும் சுண்ணாம்புமான பருத்த சுவர்கள் பெரும்பாலும் நின்றன. இங்கே நாம் ஒன்றை எண்ணிப் பார்க்கிறோம். வாழ்வதற்கென்று கட்டிய கூடத்தில் ஒட்டுப்பலகைத் தடுப்புகள், பொய்க் கூரைகள், சுவரைத் துளைத்துச் செருகிய குளிர்சாதனங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக ஓடும் மின்கம்பிகள், தரையிலிருந்து உத்தரம் வரை அடுக்கிய காகிதம் என்று நம் அரசு அலுவலகங்கள் எப்படி நிரம்புகின்றன என்பதை யாரும் அறிவர். பொய்க் கூரை, ஒழுகுவதையும் மறைக்கும், உளுப்பதையும் மறைக்கும். வீட்டைக் காப்பதற்காக உள்ளே வந்த அலுவலகம் வீட்டை நோயாளியாக்குவது இப்படித்தான்.

எரிந்ததை இடித்துவிடலாம் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. நல்லூழாக, பொதுப்பணித் துறை பழைய முறையிலேயே மீட்கும் வேலையை ஏற்றது. அம்முறை என்ன என்பதைச் சொல்லாமல் விட நமக்கு மனமில்லை. மெட்ராஸ் டெரஸ் என்று வழங்கும் கூரையில் தேக்கு விட்டங்களை நெருக்கமாகப் போட்டு, அவற்றின் மேல் மெல்லிய சிறு செங்கற்களைக் குத்துவாக்கில், கோணலாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன் மேல் செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்த கலவையைப் பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்குவார்கள். அதற்கும் மேலே தட்டோடு. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். மழைக்காலத்தில் வாங்கிய ஈரத்தைக் கோடையில் வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் மூச்சு அடைபடும். உள்ளே சிக்கிய ஈரம் உப்பாய்ப் பூத்துச் செங்கல்லையே மாவாக்கும். சுவர் உதிர்கிறது என்று சொல்லி நாம் இன்னும் தடிப்பாய்ச் சிமெண்ட் பூசுவோம். ஊர்ப்புறத்துப் பழைய ஆலயங்கள் பலவற்றில் இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் பொரிந்து கிடப்பதன் காரணம் இதுவே. சலேத் அன்னை ஆலயமானாலும் சத்திரமானாலும் சுண்ணாம்பின் இயல்பு ஒன்றுதான்.

மீட்கப்பட்ட கலச மகாலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு குடியேறியது. இதை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். வழக்குமன்றத்துக்கு வேண்டியது உயர்ந்த கூடமும், காத்திருக்கத் தாழ்வாரமும், சில தனியறைகளும். அரண்மனையில் இருப்பவை அவையே. வந்த பணி வீட்டின் அளவுக்கு வந்தது. சுவரை உடைக்க வேண்டிய தேவை எழவில்லை. பக்கத்து உமாயூன் மகாலும், மரம் முளைத்துக் கூரை இழந்து பல்லாண்டு கிடந்தபின், அதே வழியில் செப்பனிடப்பட்டது. விடுதலைப் போராட்ட அருங்காட்சியகம் அங்கே அமையும் என்று அரசு அறிவித்தது. எழிலகம் மட்டும் முன்னால் அப்படியே நிற்கிறது. அதை யாரும் எடுக்கப் போவதில்லை. நாமும் அதைக் கேட்கவில்லை.

இந்தப் பிழைகள் நமக்கே உரியவை என்று எண்ண வேண்டாம். அயர்லாந்தின் டப்ளின் நகரில் ஃபிட்ஸ்வில்லியம் தெருவை ஒட்டி ஜார்ஜிய வீடுகள் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்கு இடையறாமல் நின்றன. 1965-இல் அந்நாட்டு மின்வாரியம் தன் தலைமை அலுவலகத்துக்காக அவ்வரிசையில் 16 வீடுகளை இடித்தது. மக்கள் கொதித்தெழுந்தும் பயனில்லை. அந்நிய ஆட்சியின் நினைவுதானே, போகட்டும் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். நம் காதுக்குப் பழகிய குரல். இடித்து எழுப்பிய அலுவலகம் அரை நூற்றாண்டில் காலாவதியாகி அதுவும் இடிக்கப்பட்டது. இப்போது அங்கே எழுந்திருக்கும் புதிய அலுவலகத்தை வடித்தவர்களுள் கிராஃப்டன் கட்டடக் கலைஞர்கள் முதன்மையானவர்கள். அந்நிறுவனத்தின் தலைவியரான இரு பெண்மணிகள் 2020-இல் பிரிட்ஸ்கர் விருது பெற்றவர்கள். பழைய வீடுகளைப் பொம்மைபோல் மீண்டும் செய்யாமல், செங்கல்லையும் சன்னல் வரிசையின் ஒழுங்கையும் மட்டும் தெருவிடமிருந்து கேட்டு வாங்கிக்கொண்டார்கள். நன்றாகவே இருக்கிறது என்கிறார்கள் பார்த்தவர்கள். ஆயினும் 16 வீடுகள் திரும்பி வரவில்லை.

டப்ளின் வரை போய்க் குறை சொல்லும் நாம், நம் கதையையும் சொல்லிவிடுவதுதான் முறை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் பழைய பங்கு இல்லத்தைப் பற்றிக் கூட்டம் நடந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். ஓடு வேய்ந்த வீடு, முன்னால் நீண்ட தாழ்வாரம், சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம். பங்கு அலுவலகத்துக்கும் மறைக்கல்வி வகுப்புக்கும் இடம் வேண்டும் என்றார்கள். உண்மைதான், வேண்டியிருந்தது. சுவரில் வலுவில்லை என்று வந்தவர் ஒருவர் சொன்னார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்ததாக நமக்கு நினைவில்லை. பின்புறம் தென்னந்தோப்பாகக் கிடந்த நிலத்தில் புதிய அறைகளைக் கட்டிக்கொண்டு வீட்டை அலுவலகமாக்கலாமே என்று மூதாட்டி ஒருவர் கேட்டார். "பாட்டி, காலம் மாறிப்போச்சு" என்று ஒருவர் சொல்ல, எல்லாரும் சிரித்தோம். ஒப்புவோர் கை தூக்கலாம் என்றதும் நாமும் கை தூக்கினோம்.

வலுவில்லை என்று சொல்லப்பட்ட சுவரை இடிக்கப் பதினொரு நாள் ஆயிற்று. கடப்பாரை பட்ட இடத்தில் பொடி உதிர்ந்ததேயன்றிக் கட்டு விடவில்லை. மூன்றாம் நாளே வேலையாள்கள் கூலி உயர்த்திக் கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது.

புதிய அலுவலகம் தட்டுக் கூரையோடு சதுரமாக இருக்கிறது. சித்திரை மாதப் பிற்பகலில் உள்ளே இருக்க முடிவதில்லை. மின்சாரம் போனால் நண்பகலிலும் ஞானஸ்நானப் பதிவேட்டைப் படிக்க வெளியே வர வேண்டும். தாழ்வாரம் இல்லை. முன்பு மலையிலிருந்து இறங்கி வருகிறவர்கள் சாமியாரைப் பார்க்கும் வரை தாழ்வாரத்தில் மூட்டையைச் சாய்த்துவிட்டு, தூணில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருப்பார்கள். சிலர் உறங்கியும் போவார்கள். எவரும் எழுப்பியதில்லை. இப்போது இரும்புக் கதவுக்கு வெளியே வெயிலில் நிற்கிறார்கள்.

உத்தரங்களை எடைக்கு விற்றார்கள். அவற்றில் ஒன்றைக் காரவள்ளியில் தேநீர்க்கடை வைத்திருப்பவர் வாங்கி, அறுத்து, காலடித்துப் பெஞ்சாகப் போட்டிருக்கிறார். பழைய ஆணித் துளைகள் இன்னும் தெரிகின்றன. மலைப் பேருந்து வரும் வரை அதில்தான் எல்லாரும் உட்கார்கிறோம்.